உச்சி வெயிலில் முன்னால் சாய்ந்த நூல்

அக்கா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். “வண்டி கொதிக்குமா, கொதிக்காதா? நீ கொதிக்காதுன்னு சொன்னாத்தான் அந்த மனுசன வூட்ட வுட்டு அனுப்புவேன்.”

அந்த மனுசன் என்றால் அவள் புருஷன், என் மாமா. ஆலங்காயத்தில் கார் பட்டறை வைத்திருந்தார். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவரிடம்தான் நான் வேலை செய்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. வருஷத்துக்கு ஒரு தடவை மெட்ராசுக்குப் பக்கத்தில் கார் ரேஸ் நடக்கும். மாமா ஒரு பழைய சின்னக் காரை வாங்கி, பின் சீட்டைக் கழற்றிப் போட்டு, அதை ரேஸ் வண்டியாக ஆக்கியிருந்தார். முந்தின வருஷம் ஓட்டத்தின் நடுவில் ரேடியேட்டர் கொதித்து, தண்ணீர் போகிற மேல் ஹோஸ் பிய்த்துக்கொண்டது. ஆவி கண்ணாடி முழுக்க அடித்ததில் முன்னால் என்ன இருக்கிறதென்றே தெரியாமல், வண்டி தடத்தை விட்டுப் புதருக்குள் போய் நின்றது. மூடியைத் திறக்கப் போய் இடது கை வெந்தது. தோல் உரிந்த அந்தக் கையோடு அவர் வீட்டுக்கு வந்ததை அக்கா மறக்கவில்லை. இந்த வருஷம் அவள் வயிற்றில் பிள்ளை வேறு.

நான் எதற்கும் பயப்படுகிறவன். பூட்டின பூட்டைத் திரும்பப் போய் இழுத்துப் பார்க்கிறவன். நானே சரி என்று சொல்லிவிட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்பது அவள் கணக்கு. எனக்கோ அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

மாமா முதலில் காற்றுக் குழாய் வேலையைத்தான் முடித்தார். எஞ்சின் மூச்சு இழுக்கிற இடம் சைலென்சர் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது. சுட்ட காற்றையே அது குடித்துக்கொண்டிருந்தது. லாரியில் கழற்றின ரப்பர் குழாயை வைத்து, நான் வெட்டி வளைத்துக் கொடுத்த எண்ணெய் டின் தகரத்தில் புனல் மாதிரி வாய் செய்து, அந்த வாயை முன் விளக்குக்குக் கீழே கொண்டுவந்து வைத்தார். வெளியிலிருக்கிற குளிர்ந்த காற்று நேராக உள்ளே போகும். வண்டிக்கு இழுப்பு கூடியது நிஜம். ஆனால் ஆக்சிலேட்டரை அமுக்கும்போதெல்லாம் அந்தத் தகர வாய் ‘ஹ்ஹோ’ என்று ஒரு சத்தம் போடும். ஆழத்திலிருந்து யாரோ மூச்சு இழுக்கிற மாதிரி. எனக்கு அது பிடிக்கவில்லை.

“இன்னாடா மூஞ்சி அப்படிப் போவுது? மூச்சு வுடுதுன்னா உசுரு இருக்குதுன்னு அர்த்தம்டா” என்று மாமா சிரிப்பார்.

ரேஸ் நடப்பது மத்தியான வெயிலில். அதனால் சோதனையும் மத்தியானத்தில்தான் என்றார். எஞ்சினுக்குப் பாரம் கொடுக்க நமக்கு மலை ரோடு இருக்கிறதே. காவலூர் தாண்டி ஜமுனாமரத்தூர் போகிற வழியில், செங்குத்தாக ஏறித் திரும்புகிற ஒரு வளைவு உண்டு. வளைவின் உள்பக்கம் இடுப்புயரத்துக்கு ஒரு கல். லாரிக்காரர்கள் அங்கே நிறுத்தி, ரேடியேட்டருக்கு ஊற்றுவதற்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரைக் கல்லுக்கு ஊற்றுவார்கள். பொட்டும் கிடையாது, பூவும் கிடையாது. தண்ணீர் மட்டும். உச்சி வேளையில் மலைக்காரர்கள் யாரும் அந்த வளைவில் நடக்கமாட்டார்கள். நாங்கள் போனது சரியாக உச்சி வேளையில்.

காற்று எப்படி வருகிறது என்று பார்க்க, பானெட்டின் முன் நுனியில் ஒரு வெல்டிங் கம்பியை நிறுத்தி, அதில் சிவப்புக் கம்பளி நூல் ஒன்றைக் கட்டியிருந்தேன். வண்டி ஓடினால் நூல் எங்களைப் பார்த்துப் பறக்கும். கீழே சமவெளியில் அப்படித்தான் பறந்தது. ஏற்றம் தொடங்கியதும் துவண்டது. வளைவு நெருங்க நெருங்கத் தொங்கியது. அப்புறம் மெதுவாக எழுந்து முன்பக்கமாகச் சாய்ந்தது. வண்டி முன்னால் போய்க்கொண்டிருக்கிறது, நூலும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. யாரோ அந்த நுனியைப் பிடித்து எங்களை இழுத்துப் போகிற மாதிரி. ஜன்னல் பக்கம் திரும்பினேன். ஒரு காய்ந்த இலை வண்டிக்குச் சமமாக, என் முகத்துக்கு நேராக, அசையாமல் கூடவே வந்தது.

“மாமா, கல்லு வருது. நிறுத்துங்க. கொஞ்சம் தண்ணி ஊத்திட்டுப் போயிடலாம்.”

“கொதிக்குதான்னு பாக்க வந்தியா, கும்புட வந்தியா?”

கல்லைத் தாண்டினதும் சூடு காட்டுகிற முள் சிவப்புக்கு ஏறியது. வண்டி கொதித்துவிட்டது. மாமா சாவியைத் திருப்பி அணைத்தார். எஞ்சின் நின்ற பிறகும் அந்தத் தகர வாயிலிருந்து ‘ஹ்ஹோ’ என்று ஒரு மூச்சு வந்தது. காற்று உள்ளே புகுந்து வந்த சத்தமாக இருக்கலாம். நான் ஓடிப் போய்க் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிட்டது.

மேலே வளைவுக்கு அந்தப் பக்கம் நிழலில், புளிக்கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு மலைக்கார அம்மா உட்கார்ந்திருந்தாள். பொழுது சாய்ந்தால்தான் இறங்குவாளாம்.

“தண்ணி ஊத்தாம வந்தீங்களா?”

“ஊத்தலன்னா உன் கல்லு இன்னாம்மா பண்ணிடும்?” என்றார் மாமா.

“கல்லு இன்னா பண்ணும்? அது பாட்டுக்குக் கெடக்கும். தாகம் எடுத்தா வண்டியில கீற தண்ணிய எடுத்துக்கும். அவ்ளோதான்.” சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மாமா பீடி பற்றவைத்தார். புகை ஏற்றத்தைப் பார்த்தே போனது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் தொடையைத் தட்டினார். “மத்தியானத்துல காத்து அடிவாரத்துலேர்ந்து மேல ஏறுது மாப்ள. நம்ம வேகத்துக்கே ஏறுது. நாம ஓடறோம்னு நெனச்சிக்கினு கீறோம், காத்துக்கு நாம நின்ன எடத்துலயே கீறோம். ரேடியேட்டருக்குள்ள காத்தே போவல.”

பட்டறைக்கு வந்து எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டர் ஓரத்து இடைவெளியில் ஊதுபத்தியைப் பிடித்தோம். ஃபேன் தள்ளுகிற சூட்டுக்காற்று அந்தச் சந்து வழியாகத் திரும்ப முன்னால் வந்து, அதே ரேடியேட்டருக்குள் மறுபடி போனது. புகை சுற்றிச் சுற்றி வந்தது. நாலு பக்கமும் தகரம் அடித்து, ஓரத்துக்குப் பழைய டியூப் ரப்பரை வெட்டி ஒட்டி, ஒரு சந்து விடாமல் அடைத்தோம். இனி முன்னால் வருகிற காற்று ரேடியேட்டர் வழியாகத்தான் போகணும், பின்னால் போனது திரும்ப முடியாது.

மறுபடி அதே வளைவு, அதே உச்சி வேளை. நூல் போன தடவை மாதிரியே முன்னால் சாய்ந்தது. முள் மட்டும் நடுவிலேயே நின்றது. கல்லைத் தாண்டினோம். கொதிக்கவில்லை.

நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. வண்டியை ஓரம் கட்டினார். தண்ணீர்க் கேனை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்து போய், கல்லுக்கு ஊற்றிவிட்டு வந்தார். என்னைக் கேலி செய்தே பழகின மனுசன் அவர். அவர் ஊற்றினதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது.

“ஏன் மாமா?”

“எஞ்சின் இழுக்குதா, வேற ஏதாவது இழுக்குதான்னு வண்டிய ஓட்டுறவனுக்குத் தெரியும். போலாம்.”

சாயங்காலம் அக்கா வாசலில் நின்றிருந்தாள். “கொதிக்குமா?”

“கொதிக்காது” என்றேன். அது உண்மை.

“வேற இன்னா?”

“ஒண்ணுமில்லக்கா.”

ரேஸ் நாளன்று மாமா மெட்ராசில் இருந்தார். பட்டறையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொதிக்காது என்று சொன்னது என் வாய். ஒரு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு காலை பஸ் ஏறினேன். “மலையில தண்ணி இல்லன்னா கொண்டுபோற?” என்று கண்டக்டர் கேட்டதற்கு ஏதோ உளறினேன். வளைவில் இறங்கி, மேலே அந்த அம்மா உட்கார்ந்திருந்த நிழலிலேயே உட்கார்ந்துகொண்டேன். அந்த ரோட்டில் ஒரு வண்டி வரவில்லை, ஒரு ஆள் வரவில்லை. வெயில் தலைக்கு நேரே வந்தபோது, இந்நேரம் அங்கே கொடி அசைத்திருப்பார்கள் என்று குடத்தோடு கல்லிடம் இறங்கினேன்.

கல் நனைந்திருந்தது. உச்சியிலிருந்து அடி வரைக்கும், இப்போதுதான் யாரோ ஊற்றின மாதிரி சொட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் மண் காய்ந்து கிடந்தது, ஒரு காலடி கிடையாது. காற்றும் இல்லை. ஏற்றத்துக்கு மேலே, ரோடு திரும்புகிற இடத்தில், ‘ஹ்ஹோ’ என்று அந்தத் தகர வாயின் மூச்சு கேட்டது. நான் வெட்டி வளைத்துக் கொடுத்த தகரம் அது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

குடத்தை என்ன செய்வதென்று தெரியாமல் ஈரத்தின் மேலேயே ஊற்றிவிட்டு அடிவாரம் வரை ஓடியே வந்தேன்.

மறுநாள் மாமா முழுசாக வந்து சேர்ந்தார். பரிசு ஒன்றுமில்லை, ஆனால் கடைசிச் சுற்று வரை ஓடியிருந்தார். அக்கா அவர் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அப்புறம் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நல்ல வெயிலுடா. எல்லார் வண்டியும் கொதிக்குது. நம்முது மட்டும் முள்ளு எறங்கிக்கினே போச்சி. நின்னப்புறம் ரேடியேட்டரத் தொட்டா, கெணத்துத் தண்ணி மாதிரி ஜில்லுனு கீது.” வாசலில் அக்கா இல்லை என்று எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். “நீ மேல போனியா?”

“போனேன் மாமா.”

“ஊத்துனியா?”

“ஊத்துனேன். ஆனா எனக்கு முன்னாடியே ஊத்தியிருந்தது.”

அடுத்த வாரமே மாமா அந்தக் காற்றுக் குழாயைக் கழற்றி, பரணில் வாயைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். வைத்துவிட்டு, தகர வாயில் ஒரு கோணித் துணியையும் அடைத்தார்.