எண்பதாம் போர்ட்டில் மாட்டிய கேமரா

அருப்புக்கோட்டையில் நான் நெய்யும் சேலைகளை வீட்டு சர்வரில் இணையதளம் வைத்து விற்கிறேன். திடீரென்று அதன் பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிக்க முடியவில்லை. மண்டை காய்ந்துகொண்டிருந்தபோது காரியாபட்டி வாடிக்கையாளர் ஒருத்தி போன் செய்தாள்.

"யக்கா, உங்க தளத்துல சேலையக் காணோம். நீங்க தறியில உக்காந்திருக்கதுல்ல தெரியுது!"

பதறிப்போய் ரவுட்டரைப் பார்த்தேன். சான்றிதழ்ச் சோதனையும் வாடிக்கையாளர்களும் சர்வருக்கு வரும் வாசலான எண்பதாம் போர்ட்டை, என் கொழுந்தன் புதிதாக மாட்டிய கேமராவுக்குத் திருப்பிவிட்டிருந்தான். பாஸ்வேர்டுகூட இல்லை.

"யாரக் கேட்டுச் செஞ்ச?"

"வீட்டுப் பாதுகாப்புக்குத்தான மதினி!"

போர்ட்டைச் சர்வருக்கே திருப்பியதும் சான்றிதழ் வந்துவிட்டது. எத்தனை பேர் என்னைப் பார்த்தார்களோ, அந்த ஆத்திரம்தான் ஆறவில்லை. கேமராவைக் கழற்றி அவன் கட்டிலுக்கு நேராக மாட்டினேன்.

"ஐயோ, இங்க எதுக்கு மதினி?"

"பாதுகாப்புக்குத்தான்" என்றேன்.