அதிகாரி வருமுன் மூடிய பள்ளம்

மாரண்டஹள்ளியை விட்டு நடந்துகொண்டிருந்தேன். காய்கறி மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என்னை, வரத்து குறைந்ததும் நிறுத்திவிட்டார்கள். காரிமங்கலம் சந்தையில் ஏதாவது கிடைக்கும் என்று கிளம்பினேன். எழுபதுகளின் தொடக்கம் அது. ஐந்தாவதோடு பள்ளியை விட்டவனுக்கு ஊர் மாறுவதும் புதிதல்ல, பசியும் புதிதல்ல.

பாலக்கோடு தாண்டி ஒரு வண்டித்தடத்தில் போகும்போது சரிவு முழுவதும் ஆட்கள் தெரிந்தார்கள். கூடை கூடையாக மண்ணைக் கொண்டுவந்து ஒரு பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் மழை எப்போதாவதுதான் வரும். வந்தால் மண்ணை வாரிக்கொண்டு போகும். அப்படி வருஷக்கணக்கில் தண்ணீர் அறுத்த பள்ளம் அது. மேட்டுக்காட்டில் தொடங்கி, கீழே இருந்த கேழ்வரகுக் காட்டை இரண்டாகப் பிளந்திருந்தது.

“சாப்பிட ஏதாச்சும் கெடைக்குமாங்க?” என்று கேட்டேன்.

“களி இருக்குது. மொதல்ல கூடையத் தூக்கு” என்றார் மேட்டுக்காட்டுக்காரர். அன்றைய வேலைக்கு அவர்தான் முன்னால் நின்றார்.

கீழ்க்காடு ஓர் அக்காவுடையது. கழுத்துக் கயிற்றில் சிறிய சிலுவை. எனக்குக் கூடையைத் தூக்கிவிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டு மண்ணைக் காக்க சர்க்கார் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. செலவில் பெரும்பங்கை அதுவே ஏற்கும். பல ஊர்கள் கேட்டிருக்கின்றன. அதிகாரி ஒருவர் ஒவ்வொரு சரிவாகப் பார்த்துச் சிலதை மட்டும் எடுப்பார். அன்று சாயங்காலம் இங்கே வருகிறார்.

“கெடைக்காட்டி?”

“இன்னும் ஒரு பெருமழ வந்தா எங்காட்டுல பாறதான் மிஞ்சும். வூட்டப் பூட்டிட்டு பெங்களூருக்குக் கல்லு ஒடைக்கப் போவணும்.”

பள்ளத்தை ஏன் மூடுகிறீர்கள் என்று கேட்டதற்கு மேட்டுக்காட்டுக்காரர் சிரித்தார். “சந்தைக்கு மாட்ட எப்பிடி ஓட்டுவோம்? குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ண தடவித்தானே? ஓட்டையும் ஒடசலுமா காட்டுனா எவன்டா பணம் போடுவான்?”

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. எனக்கும்தான்.

அதிகாரி ஜீப்பைத் தடத்திலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். சரிவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“நிலத்த நல்லாதானே வெச்சிருக்கீங்க. இதுக்கு எதுக்கு வரப்பு?”

“எல்லாம் உங்க ஆசீர்வாதங்க” என்று மேட்டுக்காட்டுக்காரர் கும்பிட்டார்.

“அப்ப சரி. அடுத்த ஊருக்குப் போறேன்.”

“ஐயா, நில்லுங்க!” அக்கா குறுக்கே போய் நின்றார். “இது மூடுனதுங்க. இன்னிக்குத்தான் மூடுனோம்.”

“ஏம்மா, சும்மா இருக்க மாட்டியா?” என்று மேட்டுக்காட்டுக்காரர் பல்லைக் கடித்தார்.

அதிகாரி ஓர் எட்டு வைத்தார். கால் கணுக்கால்வரை புதைந்தது. சிரித்துவிட்டு, செருப்பை உதறியபடி சொன்னார்: “எது அதிகமா கெட்டிருக்கோ அதுக்குத்தாங்க மொதல்ல. சரிவு எவ்வளவு, பள்ளம் எவ்வளவு ஆழம், மேல் மண்ணு எவ்வளவு மிச்சம்னு பாப்பேன். சரிவுல நிலம் இருக்கற எல்லாரும் சம்மதிக்கணும். அவ்வளவுதான். கண்ணுல படாத ஆழத்த எப்படி எழுதறது?”

“நான் எறங்கி நின்னா தல தெரியாதுங்க.”

“எல்லா ஊர்லயும் அப்படித்தாம்மா சொல்றாங்க. சொன்னத நம்பி எழுதிட்டா, நெசமாவே பாற தெரியற ஊருக்கு நான் என்ன பதில் சொல்றது?”

அவர் பேச்சில் ஏளனம் இல்லை. அக்காவின் காட்டை இன்னொரு முறை எட்டிப் பார்த்துவிட்டு அதிகாரி சொன்னார்: “நாளைக்குச் சாயந்தரம் இந்த வழியாத்தான் திரும்புவேன். கொட்டின மண்ண எடுத்துடுங்க. ஆனா புதுசா வெட்டினா தெரிஞ்சிடும். தண்ணி அறுத்த பக்கம் வழவழன்னு இருக்கும். மண்வெட்டி பட்ட எடம் அப்படி இருக்காது.”

ஜீப் போனதும் யாரோ மேட்டுக்காட்டுக்காரரைக் கிண்டல் பண்ண ஆரம்பித்தார்கள். “கொம்புல தடவுன எண்ண கண்ணுல வழியுதுங்களே!”

“சிரிங்கடா. நாளைக்குக் கூடையும் நீங்கதான் தூக்கணும்” என்றார் மேட்டுக்காட்டுக்காரர்.

ஆனால் மறுநாள் சந்தை. விற்க வேண்டியதைக் கட்டி வைத்திருந்தவர்கள் போயே ஆக வேண்டும். நானும் சந்தைக்குத்தான் என்றேன். அக்கா என்னிடம் திரும்பினார்.

“நீ சந்தைக்கு எதுக்குப் போறே?”

“வேல தேடித்தாங்கக்கா.”

“வேல இங்கயே கெடக்குதே.”

விடிந்ததும் அவர் கொடுத்த மண்வெட்டியோடு பள்ளத்தில் இறங்கினேன். முந்தின நாள் நானும் சேர்ந்து கொட்டிய மண்ணை வாரி வெளியே போடும் வேலை. மேட்டுக்காட்டுக்காரரே கூடை தூக்கினார். வெயில் ஏறுவதற்குள் பள்ளம் என் மார்புவரை ஆழமாகிவிட்டது. அடி இன்னும் தட்டவில்லை. அக்கா கரையில் குந்தி உட்கார்ந்து, என் மண்வெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்துப்பா, பக்கத்தக் கீறிடாத. இன்னும் இருக்குது, கீழ போ.”