கண்ணில் ஒற்றிய மாத்திரை

பௌர்ணமிக்குப் பௌர்ணமி நான் கிரிவலம் போனது பக்தியால்தான் என்று ஊரே நம்பியது. என் மனைவி மட்டும் நம்பவில்லை. மலையைச் சுற்றுகிற வழியில் புளியோதரை எங்கே கிடைக்கும், கேசரியை எப்போது இறக்குவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நடந்து கரைத்ததைவிடத் தின்று ஏற்றியது ஜாஸ்தி. கடைசியில் நடக்கவே முடியாமல் போய், சர்க்கரையும் சேர்ந்து மிரட்ட, உடம்பைக் குறைக்கிற ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டேன்.

இப்போது என் இரைப்பை ஒரு கைப்பிடிகூட இருக்காது. இரண்டு இட்லி அதற்குக் கல்யாண விருந்து. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். டாக்டர் இன்னொன்றும் சொல்லி அனுப்பினார். "வலி மாத்திரை கண்டபடி போடக் கூடாது. பல மாத்திரை தைச்ச இடத்துல புண்ணாக்கிடும், ரத்தம் கசியும். வலிச்சா பாரசிட்டமால், அதுவும் சொன்ன அளவுக்கு மேல வேணாம். வேற எதுன்னாலும் என்னைக் கேட்டுட்டுப் போடுங்க." நான் தலையாட்டினேன். மனைவி மனப்பாடம் செய்தாள்.

உடம்பு இளைத்தபின் முதல் கிரிவலம். ஒருமுறையாவது முழுசாகச் சுற்றிவிட வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. வேங்கிக்கால் வீட்டை விட்டு இறங்கும்போதே, "யார் எது குடுத்தாலும் வாயில போடாதீங்க" என்றாள் கூடவே கிளம்பிய மனைவி. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னதில் எனக்குக் கோபம்.

அடி அண்ணாமலை வரும்போது முட்டி கெஞ்சியது. அங்கே என் மச்சான், மனைவியின் அண்ணன், பௌர்ணமிதோறும் பந்தல் போடுவார். தன் நிலத்தில் விளைந்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வேகவைத்து, மோரோடு எல்லோருக்கும் கொடுப்பார். கால் வலிக்கிறது என்பவர்களுக்கு மாத்திரையும் உண்டு. மெடிக்கலில் அட்டை அட்டையாக வாங்கி எவர்சில்வர் தட்டில் பரப்பி வைத்திருப்பார். அவரைப் பொறுத்தவரை அதுவும் அன்னதானம்தான்.

"வாங்க மாப்ள! பாதியா ஆயிட்டீங்களே! என்ன, நொண்டுறீங்க?" என்று கட்டிக்கொண்டவர், என் கையில் எதையோ வைத்தார்.

இந்த வழியில் எத்தனை வருஷம் கை நீட்டியிருக்கிறேன்! உள்ளங்கையில் விழுந்தது எதுவானாலும் கண்ணில் ஒற்றி வாயில் போடுவது என் கைக்குப் பழகிப்போன வேலை. அது என்னைக் கேட்டுக்கொண்டு செய்வதில்லை. மாத்திரையையும் பயபக்தியோடு கண்ணில் ஒற்றி வாயில் போட்டேன். கசந்த பிறகுதான் இது பிரசாதமில்லை என்று உறைத்தது.

"துப்புங்க!"

மனைவி போட்ட சத்தத்தில் பந்தலே அடங்கியது. மச்சான் முகம் சிறுத்துவிட்டது. "பாரசிட்டமால்னு போட்டிருக்கு பாரும்மா. நான் என்ன விஷமா குடுத்துட்டேன்?"

"அதுக்குக் கீழ பாருண்ணா. பொடி எழுத்துல டைக்ளோஃபெனாக்னு இருக்கா? அதான் இவருக்கு ஆகாது."

அண்ணனும் தங்கையும் அட்டையை ஆராய்ந்துகொண்டிருக்க, என் நாக்கில் மாத்திரை கரைந்துகொண்டிருந்தது. விழுங்கினால் வயிறு போகும். துப்பினால் மச்சான் மனசு போகும். அதுவும் மலைக்கு எதிரே, ஜனங்கள் வெறுங்காலோடு நடக்கிற வழியில் எங்கே துப்புவது? திருதிருவென்று முழித்தேன்.

மனைவி என் வாய்க்கு நேரே கையை நீட்டினாள். வலது கைக்குக் கீழே இடது கையைத் தாங்கி, நான் பிரசாதம் வாங்குவேனே, அதே மாதிரி. அந்தக் கையில் துப்பினேன்.

வாயைக் கொப்பளிக்க வைத்துவிட்டு, "மொதல்ல உக்காருங்க. அப்புறமும் வலிச்சா நம்ம மாத்திரையப் போடலாம்" என்றாள். மச்சான் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துக் கீழ் வரியைப் படித்தார். மாத்திரைத் தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தார். திரும்பி வரும்போது எனக்கு ஒரு நாற்காலி தூக்கி வந்தார்.

உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். மாத்திரையை வாங்கின கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் அறைக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போன அன்று அவள் கை எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

மீதி வழி முழுக்க அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, நொண்டியபடியே கோபுரத்தடிக்கு வந்து சேர்ந்தேன். வழியில் கேசரி வாசனை வந்தது. அப்போதும் விடவில்லை.