படுக்க வைத்த பீம்

எண்பதுகளின் கடைசியில் லண்டன் ஈஸ்ட் ஹாமில் நம்மவர் ஒருவர் வீடு வாங்கினால், முதல் வேலையாக முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் நிற்கும் சுவரை இடிப்பார். நாலு சனம் வந்தால் இருக்க இடம் வேண்டுமே. அக்காவின் வீட்டிலும் அத்தான் இடித்தார். மகளின் முதலாவது பிறந்தநாளுக்கு வரவேற்பு ஹோல் பெரிதாக இருக்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

இடித்ததில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்தச் சுவர் மேல்மாடியைச் சுமந்துகொண்டிருந்தது. அதை எடுத்தால் அந்தப் பாரத்தைத் தாங்க இரும்பு பீம் போடவேண்டும். எந்த இரும்பு, எப்படி வைப்பது என்று சொல்ல வீட்டு ஆளாக நான் ஒருத்தி இருந்தேன். ஊரில் எஞ்சினியரிங் படித்து, லண்டனில் ஓர் அலுவலகத்தில் பீம்களுக்குக் கணக்குப் போட்டுத்தான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். அத்தான் என்னிடம் கேட்டதெல்லாம் கேக் எங்கே நல்லது என்பதுதான்.

ஒரு சனிக்கிழமை போய், போட்டிருந்த பீமை நிமிர்ந்து பார்த்தேன். ஆங்கில 'ஐ' எழுத்தைப் போன்ற இரும்பு அது. நெட்டையாக நின்றால்தான் அதற்குப் பலம். கோடு கீறும் அடிமட்டத்தைப் படுக்கவைத்து நடுவில் அழுத்தினால் வளையும். விளிம்பில் நிறுத்தி அழுத்தினால் அசையாது. அவ்வளவுதான் விஷயம். அந்த இரும்பைப் படுக்கப் போட்டிருந்தார்கள்.

ஏன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். வீட்டின் வளைக்கு, அதாவது கூரை உத்தரத்துக்கு, நேர் கீழே இருக்கக்கூடாது, படுக்கக்கூடாது என்பது எங்கள் பழக்கம். பீம் நின்றால் சீலிங்குக்குக் கீழே துருத்திக்கொண்டு தெரியும், வந்த சனம் அதன் கீழ் இருக்காது. படுத்தால் உள்ளே மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத வளை வளையே இல்லையாம். அதற்கு நேர் மேலே, மாடியில்தான் பிள்ளையின் கட்டில் இருந்தது.

வேலை செய்த அண்ணையும் எங்கள் ஆள்தான்.

"இரும்பு இரும்புதானே தங்கச்சி. நிண்டா என்ன, படுத்தா என்ன?"

நான் அடம்பிடிக்கவில்லை. உயரம்தான் பிரச்சினை என்றால் 'எச்' வடிவத்தில் இரும்பு இருக்கிறது என்றேன். அது குட்டை, அகலம், நிறையும் அதிகம். தூணுக்கென்று செய்தது என்றாலும் உயரம் இல்லாத இடத்தில் பீமாகப் போடலாம், கையகலம்தான் வெளியே தெரியும். அண்ணை அதைக் காதிலேயே வாங்கவில்லை. தன்னிடம் மிச்சமாகக் கிடந்த 'சி' வடிவ இரும்பைப் பக்கத்தில் சேர்த்துவிடுகிறேன் என்றார். ஒரு பக்கம் திறந்த அந்த வடிவம் இப்படிப் பாரம் ஏறினால் முறுக்கிக்கொள்ளும் என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தான் குறுக்கே வந்தார்.

"நீர் ஒஃபிசில கடதாசியில கீறுறனீர். அவர் எத்தினை வீடு செய்தவர்."

அக்கா என் முகத்தைப் பார்க்காமல் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டாள். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த கிழமை பிள்ளையின் அறைக் கதவு நிலையில் உரசிப் பூட்ட முடியாமல் போனது. குளிருக்குப் பலகை ஊதியிருக்கும் என்று சொல்லி, கதவைச் சீவ ஆள் தேடினார் அத்தான். பீம் தொய்ந்து மாடி இறங்குகிறது என்று எனக்குத் தெரிந்தது; கட்டட வேலைகளைச் சோதிக்கும் கவுன்சிலுக்குப் போன் பண்ணினேன். சொந்த அக்கா வீட்டைப் பற்றி, என் பெயரைச் சொல்லியே.

வந்தவன் என்னைவிட இளைய வெள்ளைக்காரப் பொடியன். நிமிர்ந்து ஒருதரம் பார்த்தான். உடனே முட்டுக் கொடுக்கச் சொன்னான். படுக்கப் போட்டது பிழை, 'எச்' போடுங்கள் என்றான். நான் சொன்ன அதே கதைதான். அத்தான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார். அவன் போனபிறகு என் பக்கம் திரும்பினார்.

"வீட்டுக்குள்ளயே காட்டிக்கொடுக்கிற ஆள் இருக்கு எண்டு எனக்குத் தெரியாமப் போச்சு."

சண்டைக்குத் தப்பி வந்த எங்கள் சனத்திடம், துரோகிகளுக்குச் சொல்லும் அந்தச் சொல் எவ்வளவு பொல்லாதது என்று தெரிந்துதான் சொன்னார். ஒரு குழந்தை நசுங்காமல் இருக்கவேண்டும் என்று நினைத்ததற்கு எனக்குக் கிடைத்த பட்டம் அது.

பீம் மாறியது, கதவும் உரசாமல் மூடிக்கொண்டது, பிறந்தநாளும் வந்தது. கவுன்சில்காரன் சரியான கெட்டிக்காரன், பார்த்தவுடனேயே பிடித்துவிட்டான் என்று வந்தவர்களுக்கெல்லாம் அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சனம் இரண்டு பக்கமும் நெருக்கியடித்து இருந்தது. பீமுக்குக் கீழே மட்டும் யாரும் இல்லை. நான் ஒரு கதிரையை இழுத்து அங்கே போட்டு அதில் இருந்தேன். வளைக்குக் கீழே இருக்காதை பிள்ளை என்று யாரோ ஒரு மாமி கூப்பிட்டார். நான் அசையவில்லை.

அக்கா குசினியிலிருந்து வந்தாள். பிள்ளையை என் மடியில் வைத்தாள். இன்னொரு கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு, அந்தப் பீமுக்குக் கீழேயே இருந்தாள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி குடுக்கவில்லையா என்று அத்தான் அவளைக் கேட்டார்.

"இண்டைக்கு நீங்களே ஊத்துங்கோ" என்றாள் அக்கா.