முதல் திங்கள், காலை பத்து மணி

அணை அலுவலகத்தில் எல்லாருக்கும் அவள் சங்கக்காதான். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். பத்தொன்பது வருடமாக, மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை டாண் என்று பத்து மணிக்கு, கட்டுப்பாட்டு அறையின் சிவப்புப் பொத்தானை அமுக்கி அபாயச் சங்கை ஊதிப் பார்த்தவள். மூத்த மகள் பிறந்த அன்றும் இடுப்பு வலியோடு வந்து பொத்தானை அமுக்கிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறினாள். அவள் கணவர் இன்றைக்கும் அதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார்.

அந்தச் சங்கு விளையாட்டுக்கு வைத்ததல்ல. அணை நிரம்பிவிட்டால் ஷட்டரைத் திறந்தாக வேண்டும். திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பு ஆற்றோரத்துக் கீழ்த்தெருக்களில் சங்கு ஊதும். அதற்குள் அங்கிருக்கிறவர்கள் மேட்டுச் சாலைக்கு ஏறிவிட வேண்டும். முதல் திங்கள் பத்து மணிக்கு ஊதினால் சோதனை. வேறு எப்போது ஊதினாலும் ஓடு. இவ்வளவுதான் ஒப்பந்தம், குழந்தைக்கும் புரியும். சங்கக்காவின் சொந்த அக்காவும் கீழ்த்தெருவில்தான், படுத்த படுக்கையான மாமியாரோடு குடியிருந்தாள்.

அப்புறம் சோதனைச் சங்கைத் தானாக ஊத ஒரு கணினி வந்தது. கான்ட்ராக்ட் கம்பெனியின் மென்பொருள்காரர் ஒரே ஒரு வரியைத் தட்டினார்: 0 10 1-7 * 1.

"இதுல அஞ்சு கட்டம் மேடம். நிமிஷம், மணி, தேதி, மாசம், கிழமை. நட்சத்திரம் போட்டா எதுவானாலும் சரின்னு அர்த்தம். ஒண்ணுலருந்து ஏழு தேதிக்குள்ள, திங்கக்கிழமை, பத்து மணி. முதல் திங்கள் வந்துடுச்சா? இனிமே நீங்க நிம்மதியா காபி குடிக்கலாம்" என்றார்.

காபி குடிக்கத்தான் முடியவில்லை. இரண்டாவது திங்கள் பத்து மணிக்குச் சங்கு அலறியது. கீழ்த்தெரு ஜனங்கள் கிழவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடி, மேட்டில் நின்று காய்ந்த ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். மூன்றாவது திங்களும் அதே கூத்து. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வியாழன். அன்று தொடங்கி மறு புதன் வரை ஏழு நாளும் விடாமல் ஊதியது. மூன்றாம் நாள் யாரும் ஓடவில்லை. ஐந்தாம் நாள் முனைவீட்டுத் தையல்காரர் சங்கைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தி வைத்தார். ஏழாம் நாள் யாரோ கம்பத்தில் ஏறி, ஒலிபெருக்கியின் வாயில் பழைய போர்வையைத் திணித்துவிட்டார்கள்.

அக்கா போனில் பிடிபிடியென்று பிடித்தாள். "உனக்கு வேற வேலையே இல்லையா? இனிமே அது ஊதினா நான் பாட்டுக்குத் துணி காயப் போட்டுக்கிட்டு இருப்பேன், சொல்லிட்டேன்."

ஏச்சு சங்கக்காவுக்குப் பெரிதல்ல. அக்கா சொன்னதைச் செய்கிறவள், அதுதான் பயம்.

மென்பொருள்காரரோ ஒவ்வொரு தடவையும் கணினியின் காலண்டர்மேல் பழியைப் போட்டார். இன்ஜினியர் கையைப் பிசைந்தார். "சங்கையே நிறுத்திடலாம்மா. எல்லாருக்கும் போன்ல மெசேஜ் அனுப்பிக்கலாம்."

"எங்கக்கா மாமியாருக்கு யாரு சார் மெசேஜ் படிச்சுக் காட்டுவாங்க? எனக்கு ஒரு வாரம் குடுங்க. அதுவரைக்கும் நானே கையால பாத்துக்கறேன்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். மழைக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. இன்ஜினியர் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார்.

அவள் பணிப்பதிவேட்டை எடுத்து, சங்கு ஊதிய நாளையெல்லாம் தேதியும் கிழமையுமாக எழுதினாள். அந்த மாதம் மட்டும் பத்து தடவை. ஏழு நாள் முதல் வாரம். மிச்சம் மூன்றும் திங்கள். உற்றுப் பார்த்தபோது கணினியின் புத்தி போன போக்கு புரிந்தது. தேதிக் கட்டத்தையும் கிழமைக் கட்டத்தையும் சேர்த்து நிரப்பினால், இரண்டும் ஒத்துவர வேண்டும் என்று அது காத்திருப்பதில்லை. இரண்டில் ஒன்று பொருந்தினாலே அதற்குப் போதும்.

மென்பொருள்காரரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் சிரித்தார். பிறகு கையேட்டைப் புரட்டினார். பிறகு சிரிக்கவில்லை.

"இதை வெறும் அஞ்சு கட்டத்துல சொல்லவே முடியாது மேடம்."

"முடியலைன்னா விடுங்க. கிழமையில நட்சத்திரம் போடுங்க. ஏழு நாளும் அது பத்து மணிக்கு எந்திரிக்கட்டும். எந்திரிச்சதும் இன்னைக்குத் திங்களான்னு பாக்கட்டும். இல்லைன்னா வாயைத் திறக்காம திரும்பப் படுக்கட்டும்."

அப்படியே எழுதினார்கள். ஆனால் ஒரு தடவை நம்பி ஏமாந்தவள் அவள். சங்கின் ஒயரைக் கழற்றி ஒரு பல்பை மாட்டச் சொன்னாள். கணினியின் கடிகாரத்தை வேண்டுமென்றே மாற்றி, ஒவ்வொரு தேதிக்கும் ஒன்பது ஐம்பத்தெட்டு என்று வைத்து, இரண்டு நிமிடம் பல்பையே பார்த்தாள். மூன்று மாதத்துத் தேதிகள் முடிய இரண்டு நாள் ஆயிற்று. பல்பு எரிந்தது மூன்றே தடவை, மூன்றும் முதல் திங்கள். மென்பொருள்காரருக்குக் கொட்டாவி வந்தது, அவளுக்கு வரவில்லை.

கணினி திருந்திவிட்டது. ஜனங்கள்? அதற்குக் கட்டளை வரி கிடையாதே. சங்கக்கா ஒலிபெருக்கியில் திணித்த போர்வையை எடுக்கச் சொல்லிவிட்டு, கால்தேயக் கீழ்த்தெருக்களில் வீடு வீடாக ஏறினாள். "தப்பு எங்களோடதுதான். சரி பண்ணிட்டோம். இனிமே முதல் திங்கள் பத்து மணி இல்லாம ஊதினா அது தண்ணிதான்" என்றாள். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒருவர், "யாருக்கும்மா சங்கு ஊத வந்திருக்கே?" என்று கேட்டு ஊரைச் சிரிக்க வைத்தார். அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள். மறு மாதம் முதல் வாரம், அலுவலகத்தில் சொல்லிவிட்டு, ஒன்பதே முக்காலுக்கெல்லாம் அந்தத் தெருவிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். திங்களன்று ஊதியது. மற்ற ஆறு நாளும் பத்து மணி சத்தமில்லாமல் கடந்தது. ஆறாவது நாள் கதவைச் சாத்திய வீட்டிலிருந்தே அவளுக்குத் தேநீர் வந்தது. அக்கா மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

மழை முன்கூட்டியே வந்தது. ஒரு வியாழன் மதியம் இரண்டே முக்காலுக்கு இன்ஜினியர், "ஷட்டரைத் திறந்தே ஆகணும்" என்றார். அவள் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். உடனே அக்காவுக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. பதினெட்டு நிமிடம் போயிருந்தது. துணி காயப் போடுகிறாளோ என்று நினைத்தபடியே மூன்றாவது தடவை போட்டாள்.

நான்காவது தடவை அக்கா எடுத்தாள். மூச்சு வாங்கியது.

"ஏண்டி சும்மா சும்மா அடிக்கிற? மாமியாரை முதுகுல தூக்கிட்டு மேடு ஏறுறேன். எந்தக் கையால எடுக்கறது?"

"உங்க தெரு, மத்த தெரு ஆளுங்கள்லாம்?"

"எல்லாரும் எனக்கு முன்னாடியே ஏறிட்டாங்க. கடைசி ஆள் நான்தான். இதோ, வந்துட்டேன்."

சங்கக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்ஜினியரைப் பார்த்தாள்.

"நேரம் ஆனதும் திறந்துடலாம் சார். கீழ யாரும் இல்ல."