ஏணி எடுக்காத குளிர்காலம்

நியூ ஜெர்சியில் அந்த வீட்டை வாங்கும்போது, பின்பக்கத்து ஓக் மரத்தைக் காட்டி, இலையுதிர் காலத்தில் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும் என்றார் தரகர். அழகாகத்தான் இருந்தது. உதிர்வதில் பாதி எங்கள் கூரையில் வந்து விழும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. கூரையின் விளிம்பை ஒட்டி, மழைநீர் வடிவதற்கு ஓர் அலுமினியக் கால்வாய் ஓடும். கட்டர் என்பார்கள். குளிர் இறுகுவதற்குள் ஏணி போட்டு ஏறி, அதில் மக்கிக் கிடக்கும் இலைகளை அள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் தேங்கிய தண்ணீர் அங்கேயே உறைந்து அணைபோல் நிற்கும். கூரைமேல் உருகும் பனி வழியில்லாமல் வீட்டுக்குள் இறங்கும். நவம்பர் சனிக்கிழமைகளில் தெருவே ஏணியும் கையுமாகத் திரிந்தது. எங்கள் ஏணி மட்டும் கராஜில் படுத்திருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் ஏழு மாதக் கர்ப்பிணி. போன வருடம் நான்காம் மாதத்திலேயே கரு கலைந்து ஒரு குழந்தையை இழந்திருந்தோம், அதனால் இந்த முறை மூச்சு விடுவதற்குக்கூட எனக்குப் பயம். காலையில் ரயில் பிடித்து நியூயார்க் போய், யாரோ எப்போதோ எழுதிய ப்ரோகிராம்களில், இரண்டாயிரம் பிறப்பதற்குள், இரண்டு இலக்க வருடங்களை நான்கு இலக்கமாக மாற்றிவிட்டு, இருட்டில் வீடு திரும்புவேன். வீங்கிய காலிலிருந்து ஷூ கழன்று வராது. சோபாவில் அப்படியே சாய்ந்தால், குழந்தைக்கென்று வைத்திருந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டும் சத்தம் கேட்கும். அடைத்துக்கொண்ட கட்டர் சரியாக அந்த ஜன்னலுக்கு மேலேதான் இருந்தது.

"என்னங்க, அந்த கட்டரை க்ளீன் பண்ணிடுங்களேன்."

"இந்த வீக்கெண்ட் பண்ணிடறேன்."

வீக்கெண்ட் வரும். அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். அல்லது நண்பர் வீட்டில் பூஜை இருக்கும். அல்லது இன்னும் இலை விழுந்து முடியவில்லை, மொத்தமாக அள்ளிக்கொள்ளலாம் என்பார். அள்ளுவதற்கு ஆள் வைக்கலாம் என்று நான் போன் செய்தால், எல்லோரும் டிசம்பர் வரை புக் ஆகியிருந்தார்கள்.

ஈரோட்டிலிருந்து மாமியார் ஞாயிறுதோறும் போன் செய்வார். "கண்ணு, புள்ள பொறக்கற வரைக்கும் அவன் முடி வெட்டக் கூடாது, சவரம் பண்ணக் கூடாது, மலை ஏறக் கூடாது. சொல்லி வை." முடியும் தாடியுமாக ஆபீஸ் போய்வந்தார் இவர். உடம்பு சரியில்லையா என்று மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாராம். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"அத்தை மலை ஏறக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? நம்ம வீட்டுக் கூரை என்ன பழனி மலையா?"

அவர் சிரிக்கவில்லை. சாதாரணமாக, என் மொக்கைக்கெல்லாம் சிரிக்கிற மனிதர்.

வார இறுதியில் பனி விழும் என்று டி.வி.யில் சொன்ன ஒரு சனிக்கிழமை காலை என் பொறுமை போய்விட்டது. ஏறுகிற உத்தேசம் எனக்குச் சத்தியமாக இல்லை. அவருக்கு ரோஷம் வரட்டும் என்றுதான் கராஜுக்குப் போய் ஏணியின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தேன். சிமெண்ட் தரையில் அது கிறீச்சிட்டதும் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"வைடீ கீழ!"

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை 'டீ' போட்டுப் பேசியதில்லை. ஏணியைப் பிடுங்கிச் சுவரோரம் தள்ளினார். பிறகு கராஜ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போன வருஷம் ஏறினேன்ல," என்றார். "அந்த வாரம்தானே..."

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த நவம்பரில் அவர்தான் ஏறி இலை அள்ளினார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கு நான்கைந்து நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இருந்தோம். யாரும் எதுவும் செய்து இது நடக்கவில்லை என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டியவர் இவர். ஒரு வருடமாக இதைத் தனியாகச் சுமந்துகொண்டு, என்னிடம் முதுகு வலி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"டாக்டர்தான் சொன்னாங்கல்ல, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு?"

"தெரியும். தெரிஞ்சும் முடியல."

வாதாட எனக்குத் தெம்பில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவர் ஏறவே வேண்டாம் என்று அந்த நிமிடம் எனக்கும் தோன்றிவிட்டது. இரண்டு இன்ஜினியர்கள் ஓர் அலுமினிய ஏணியைப் பார்த்துப் பயந்துகொண்டு கராஜில் உட்கார்ந்திருந்தோம்.

"ஒழுகட்டும் விடுங்க," என்றேன்.

ஒழுகியது. ஜனவரியில் கட்டர் முழுக்கப் பனிக்கட்டி. குழந்தை அறையின் கூரையில் முதலில் டீக்கறைபோல் ஒரு வட்டம் தெரிந்தது, பிறகு சொட்டத் தொடங்கியது. விருந்தாளி வந்தால் சாம்பார் வைக்கும் பெரிய எவர்சில்வர் பாத்திரத்தைக் கீழே வைத்தோம். தொட்டிலை எங்கள் அறைக்கு நகர்த்தினோம். சொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

பிப்ரவரியில் மகள் பிறந்தாள். முழுசாக, சிவப்பாக, பெருங்குரலில் அழுதுகொண்டு. அவர் சவரம் செய்துகொண்டு வந்தபோது, குழந்தையைவிட அவர் முகம்தான் எனக்குப் புதிதாக இருந்தது.

ஏப்ரலில் ஒரு நாள் என்னிடம் எதுவும் சொல்லாமல் ஏணியை எடுத்தார். நான் அந்தச் சிறிய அறையில், கறை படிந்த கூரைக்குக் கீழே, குழந்தையோடு நின்றேன். ஜன்னலை ஒட்டித்தான் ஏணியைச் சாய்த்திருந்தார். ஒரு கை அழுகிய இலையை அள்ளிப் போடுவார். குனிந்து ஜன்னலைப் பார்ப்பார். மறுபடி ஒரு கை அள்ளுவார், மறுபடி பார்ப்பார். குழந்தையின் கழுத்தைத் தாங்கிப் பிடித்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் அவளை அவருக்குத் தெரியும்படி தூக்கிக் காட்டினேன். கை கடுத்தது. அவர் தரையில் கால் வைக்கும் வரை நான் அவளைக் கீழே இறக்கவில்லை.