ஃபீடரில் வௌவால், ஜல்லியில் ஆட்காட்டி

புதூர்ப் பக்கம் ஒரு சப்-ஸ்டேஷனில் நான் லைன்மேனாக இருந்தபோது, காலையில் ஊருக்குக் கரண்ட் கொண்டுபோகும் ஃபீடர் லைன் டிரிப் ஆகி நின்றிருந்தால் முதலில் வௌவாலைத்தான் திட்டுவோம். கண்மாய்க்கரை மருத மரத்தில் தொங்கும் பழந்தின்னி வௌவால். ஒரு கம்பியில் தொங்கினால் ஒன்றும் ஆகாது. விரித்த இறக்கை அடுத்த கம்பியில் பட்டால் அதன் கதை முடிந்தது, ஊரில் கரண்டும் போனது. சத்தமே இல்லாமல் செத்துத் தொங்கும்.

ஆட்காட்டிக் குருவி நேரெதிர். கம்பியில் உட்காராது. யார்டில் பரப்பிய ஜல்லியில் முட்டையிட்டுவிட்டு, யார் வந்தாலும் கத்தி ஊரைக் கூட்டும். அந்தக் கத்தல் எனக்கு ஆகவே ஆகாது.

ஒரு பங்குனியில், லைனைத் துண்டிக்கும் ஏபி சுவிட்சின் காலடியிலேயே முட்டை கிடந்தது. அன்று காலை கம்பியில் செத்துத் தொங்கிய வௌவாலை எடுக்க, கரண்டை நிறுத்தி வேலை செய்யும் அனுமதியான லைன் கிளியர் வாங்கி, சுவிட்சைத் திறந்து, கைப்பிடியில் ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ போர்டை மாட்டிவிட்டு, வேலியோரப் போஸ்ட்டில் ஏறினேன். எங்களிடம் பூட்டு கிடையாது, போர்டுதான் பூட்டு.

கீழே நின்ற ஹெல்பர் அருளப்பனுக்கு இரக்கம் பொங்கிவிட்டது. முட்டையை யாரும் மிதித்துவிடக் கூடாதென்று அந்தப் போர்டைக் கழற்றி முட்டைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, கயிறு எடுக்கப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து ஷிப்ட் மாறியது. புது ஆபரேட்டர் மைக்கேல் வந்து பார்த்தார். கைப்பிடியில் போர்டு இல்லை; கீழே முட்டையருகே சாய்ந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

தப்பிக் கரண்ட் வந்தாலும் தரைக்கு இறக்கிவிடும் எர்த் ராடைக் கம்பியில் மாட்ட நான் கையை நீட்டுகிறேன். ஆட்காட்டி தொண்டை கிழியக் கத்தியது. எரிச்சலோடு திரும்பினேன். மைக்கேலின் கை சுவிட்சின் கைப்பிடியில்.

“ஏலே, கைய எடுலே! மேல ஆள் இருக்கேன்!”

“ஐயோ, போர்டக் காணலியே அண்ணாச்சி!”

அருளப்பன் ஓடிவந்தார். “முட்டைக்கு வச்சேன் அண்ணாச்சி, நாந்தான்...” என்று அழுதுவிட்டார்.

“நீங்க எறங்குத வரைக்கும் இங்கனயே நிக்கேன்,” என்றார் மைக்கேல், போர்டைக் கையில் பிடித்துக்கொண்டு.

வௌவாலை இறக்கியபோது அதன் வயிற்றைக் கவ்விக்கொண்டு ஒரு குட்டி உயிரோடு இருந்தது. வனத்துறையிடம் கொடுத்தோம். குட்டியைச் சுமந்தபடி சத்தமில்லாமல் போய்விட்டது ஒரு தாய். தரையில் வைத்துவிட்டுக் கத்தியே காத்தது இன்னொரு தாய், கூடவே என்னையும். அதன்பின் யார்டில் முட்டைக்குத் தனிப் போர்டு வைத்தோம். கைப்பிடிப் போர்டை, மாட்டியவர் தவிர வேறு யாரும் தொடக் கூடாது என்பது சட்டமானது.

இப்போது கோவில்பட்டியில் ஓய்வில் இருக்கிறேன். பக்கத்துக் காலி மனையில் ஆட்காட்டி கத்தினால் வீட்டில் எல்லோரும் சலித்துக்கொள்கிறார்கள். நான் மட்டும் எழுந்து போய், யார் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு வருகிறேன்.